தள்ளிப் போடும் மாத்திரை

ஒரு கையில் மாத்திரை. இன்னொரு கையில் தண்ணீர்த் தம்ளர்.

வாசலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

குலசாமி கோயிலில் மூத்த மருமகள்தான் பொங்கல் வைக்க வேண்டும். நடுவில் விலக்காகிவிட்டால் பூசையே கெட்டுப்போகும். அதனால் மாமியார் நேற்றே மருந்துக் கடைக்குப் போய் நாளைத் தள்ளிப் போடும் மாத்திரை வாங்கி வந்துவிட்டாள்.

எல்லாம் தெரிந்த சாமி. இதை மட்டும் தாங்க மாட்டாதாம்!

மருமகளுக்கு ஏற்கெனவே நாள் தள்ளியிருக்கிறது.

புருஷனுக்கு மட்டும் தெரியும். போன தடவை அவசரப்பட்டு எல்லோரிடமும் சொல்லி, மறுநாளே விலக்கு வந்து, வீடு துக்க வீடானது. இந்த முறை இருவரும் மூச்சு விடவில்லை.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டியிருந்தாள். கருமுட்டை வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கும். கருப்பைக்குள் விரித்த மெத்தையைக் கலையாமல் வைத்திருப்பது அதுதான். கரு தங்கினால் தொடர்ந்து சுரக்கும். தங்காவிட்டால் வற்றும். வற்றினால் மெத்தை உதிரும்.

"தள்ளிப் போடுற மாத்திரையும் அதே வேலையத்தான் செய்யும். இந்த மாசம் அதைத் தொட்டுறாதம்மா. நிக்கிறது கருவாலயா, மாத்திரையாலயான்னு எனக்கே தெரியாமப் போயிரும்."



மாமியார் பட்டுச்சேலை சரசரக்க அடுப்படிக்குள் வந்தாள்.

"இன்னும் முழுங்கலையா?"

அவள் கண் நிறைந்தது.

மாமியார் அவள் முகத்தையே பார்த்தாள்.

"தள்ளிருச்சா?"

தலையசைத்தாள்.

"அடி கூறுகெட்டவளே, வாயத் திறந்து சொல்ல மாட்டியா?"

மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். பின்னறையில் பாயை விரித்தாள். தனித் தட்டையும் சொம்பையும் பக்கத்தில் வைத்தாள். மாதாமாதம் வைக்கிற அதே இடம்.

"பேசாம உக்காரு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"இவ வரலப்பா! வீட்டுக்குத் தூரமாயிட்டா! பொங்கல நான் வச்சுக்கிறேன்!"

வேனில் யாரோ "அடப் பாவமே" என்றார்கள்.

அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். விலக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள். வந்துவிடாதே, வந்துவிடாதே என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

புருஷன் ஓடி வந்தான்.

அறை வாசலிலேயே நின்றுவிட்டான். முகம் செத்துப்போயிருந்தது. பின்னால் மாமனார் நின்றார். அவர் முன்னால் அவளால் எதுவும் சொல்ல முடியாது.

அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

அவனுக்குப் புரியவில்லை.

மறுபடியும் ஆட்டினாள். இந்த முறை சிரிப்பு வந்துவிட்டது.

அவன் ஒரே எட்டில் உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

"தொட்டுட்டியேடா! போய்த் தலை முழுகிட்டு வாடா!" என்று மாமனார் அலறினார்.

"இந்தா போறேன்ப்பா" என்றான். கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.