வெள்ளைக் கூழாங்கல்

ஒரு கல்லூரிக் கால்பந்து மைதானத்தின் மதிலில் ஓர் அணிலும் ஒரு காகமும் குடியிருந்தன. ஆண்டுதோறும் போட்டிகள் தொடங்குமுன், எட்டுக் கல்லூரிகளுக்கு எட்டுக் கூழாங்கற்களை அடுக்கி, எது எந்த இடம் பிடிக்கும் என்று இரண்டும் தனித்தனியே கணிக்கும். சொந்தக் கல்லூரிக்கு வெள்ளைக் கல்.

காகம் எப்போதும் வெள்ளையை முதலில் வைக்கும். அணில் கடைசியில் வைக்கும். ஆறு ஆண்டுகளாக அணிலின் வரிசையில் ஒரு கல்கூடப் பிசகியதில்லை. அந்தப் பெருமையில் அதன் வால் தரையில் பட்டதே இல்லை.

"இந்த வருஷமும் கடைசியா? நாம குடியிருக்கிற இடம்பா இது," என்றது காகம்.

"குடியிருக்கிறது வேற, ஆட்டம் வேற," என்றது அணில்.

கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடம். சேற்றில் வழுக்கி விழுந்த சொந்தக் கல்லூரி ஆட்டக்காரனின் முழங்காலில் பட்டு, பந்து எதிரணியின் வலைக்குள் போனது. சொந்தக் கல்லூரிக்கு ஏழாவது இடம்!

"உன் கணிப்பு தப்பாப் போச்சே!" என்று கத்தியது காகம்.

அணில் வெள்ளைக் கல்லை இரண்டு கைகளாலும் தூக்கி, ஓரிடம் முன்னால் வைத்தது. பிறகு சேறு சொட்ட நின்ற ஆட்டக்காரனைப் பார்த்துச் சொன்னது:

"ரொம்ப நன்றிய்யா. நான் சொல்றது பொய்யாகணும்னுதான் ஆறு வருஷமா வேண்டிக்கிட்டிருந்தேன்."