இரண்டு பக்கமும் தொட்டால்தான்

மகளின் ஆளுக்கு உயிர் பிழைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. பெட்டக அறையின் கதவைத் தன் மூளையாலேயே திறக்க வேண்டும். இல்லையென்றால் இந்தச் சுற்றோடு அவள் கதை முடிந்தது.

ஆள் என்றால் காகித ஆள்தான், வீட்டில் ஆடுகிற கதை ஆட்டத்தில் அவளுடைய பாத்திரம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மகள் உருவாக்கியது. இன்று அவள் வேலைக்குப் போகிறவளாகிவிட்டாள். ஆளையும் கூடவே வளர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பகடையை உருட்டினால், அது நூறு வருடம் தள்ளி இருக்கும் ஒரு நகரம். அங்கே எல்லார் தலையிலும் சிப் இருக்கும். நினைத்தால் கார் கிளம்பும், கதவு திறக்கும்.

விதி போட்டு, கதை சொல்லி அந்த நகரத்தை நடத்துகிறவர் அப்பா. பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக்.

தலைக்குள் சிப் வைத்து, அதை வெளியே இருக்கிற பொருளோடு இணைப்பதில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது. காகிதத்தில். மணிக்கட்டிலிருந்து வயரை இழுத்துச் சொருகினால் என்ன ஆகும், வயரில்லாமல் எத்தனை சுவர் தாண்டும், எதிரி நடுவில் புகுந்தால் மூளை எப்படிக் கருகும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. யார் கிடைத்தாலும் ஆரம்பித்துவிடுவார். பல் டாக்டரைக்கூட விட்டதில்லை.

அவர் போட்ட விதிகளில் அவருக்கே ரொம்பப் பிடித்தது ஒன்று. லிஃப்ட்டிலிருந்து சுட்டது. மாடிக் கதவிலும் லிஃப்ட் கதவிலும் காண்டாக்ட் என்று கரண்ட் ஓடவிடும் தகடு இருக்கும்; இரண்டு பக்கமும் தொட்டால்தான் லிஃப்ட் நகரும். ஆட்டத்திலும் அப்படியே. சிப் மட்டும் ஆசைப்பட்டால் போதாது, எதிர்ப்பக்கமும் தன்னைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இது தோன்றிய அன்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

இன்னொரு விதி இந்த வருடம் புதிதாக வந்தது. மேசையில் யாரும் வாயால் சொல்லக் கூடாது, வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். எதிரிகள் ஒட்டுக்கேட்பார்களாம்.

இதில் நொந்துபோனவன் கூட ஆடுகிற அவருடைய மச்சினன். வாய் ஓயாதவன். அவனுடைய ஆள் துப்பாக்கிக்காரன். இப்போதும் விதியை மீறிக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மகள் எழுதினாள். கதவின் பூட்டோடு இணைகிறேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். பூட்டு அணைந்து கிடக்கிறது.

மகள் துடைத்துவிட்டு எழுதினாள். கேமராவோடு?

அதுவும் அணைந்துதான் கிடந்தது. அவருக்கே பாவமாக இருந்தது. ஆனால் விதியை ஒருமுறை வளைத்தால் மச்சினன் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

மகள் பேனாவைக் கடித்தபடி அவரையே பார்த்தாள். பிறகு நிதானமாக எழுதினாள். இந்த நகரத்தை நடத்துகிறவரோடு இணைகிறேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்கே! அந்தப் பக்கமும் திறந்திருக்கணுமேம்மா" என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில்.

மகள் எழுந்து போனாள். அலமாரி இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவந்து பகடைகளுக்கு நடுவில் வைத்தாள்.

மச்சினன் கையாட்டுவதை நிறுத்தினான்.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது அவருடைய இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வெள்ளைப் பலகை அதற்குப் பிறகு பிறந்த ஞானம். டாக்டர்கள் காதுக்குப் பின்னால் அறுத்து, தோலுக்கு அடியில் நிஜமாகவே ஒரு சிப்பை வைத்துத் தைத்திருந்தார்கள். அதற்கு வெளிப்பக்கம் ஒரு பொத்தான். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், வெளிச் சத்தத்தை வாங்கி வயர் இல்லாமலே உள்ளே பேசும். இத்தனை வருடமாக அவர் ஊருக்கெல்லாம் விளக்கிய அதே சங்கதி.

அந்தப் பொத்தானைத்தான் பெட்டியில் போட்டு மூடிவைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் முதல்முறை ஒட்டவைத்தபோது நர்ஸின் குரல் தகர டப்பாவுக்குள் எலி ஓடுகிற மாதிரி இருந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். வீட்டுக்கு வந்து கழற்றியவர்தான். புண் ஆறட்டும் என்றார். புண் எப்போதோ ஆறிவிட்டது.

உண்மையான காரணம் பயம். மகளின் குரல் அவர் நினைவில் கொஞ்சமும் கெடாமல் இருந்தது. தகரக் குரல் உள்ளே நுழைந்தால் அது போய்விடும். மூளை கருகுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற சூரரின் லட்சணம் இது.

எந்த விதியைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. எல்லா ஓட்டையையும் அவரே அடைத்துத் தொலைத்திருந்தார்.

எடுத்து ஒட்டினார்.

மிக்ஸியில் ஆணி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஐயோ, இதுவா என் பெண்ணின் குரல்! நிமிர்ந்து பார்த்தால், வாயசைத்துக்கொண்டிருந்தவன் மச்சினன். அவன் குரலில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவனைக் கையமர்த்திவிட்டு மகள் கேட்டாள். "அப்பா, கதவு திறந்துச்சா இல்லையா?"

பாதி காதிலும் பாதி அவள் உதட்டிலுமாகப் புரிந்தது. தகரம்தான். அவள் குரல் இல்லவே இல்லை. ஆனால் அந்த 'இல்லையா'வை இழுத்ததில் இருந்த எரிச்சல் அவளுடையது. சின்ன வயதிலிருந்து அவரிடம் மட்டும் காட்டுகிற எரிச்சல். அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்ததும் கண் கலங்கியது.

முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு, சிக்னல் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை சொல் என்றார். அவள் சொன்னாள். இன்னும் ஒரு தடவை என்றார். இப்படி ஒரு விதியே கிடையாது என்று மச்சினன் கத்தினான். அதுவும் கேட்டது.

கதவு முதல் தடவையிலேயே திறந்துவிட்டது. அதை அவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னார்.