சுவருக்கு ஒரு சட்டை

"அக்ரஹாரத்து ஆத்துக்குத் தெர்மாகோல் சட்டை போடப் போறா சார் இவ! நீங்க சம்மதிக்கவே கூடாது, கேட்டேளா?"

பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் ராமசேஷன் தெருவே கேட்கும்படி முழங்கினார்.

மாநகராட்சியில் வேலைக்குப் புதிதான ஓவர்சியர் ஷிபுவுக்கு மரியாதை பொங்கிக்கொண்டு வந்தது. இருக்கிற பழசையெல்லாம் இடித்துத் தள்ளி ஃப்ளாட் கட்டுகிற திருவனந்தபுரத்தில் இப்படியும் ஒரு மனுஷர்!

தோளில் கைக்குழந்தையோடு நின்ற அனந்தலக்ஷ்மி கெஞ்சினாள். "மேற்கு வெயில் மொத்தமும் எங்காத்துச் சுவர்லதான் சார் அடிக்கறது. உள்ளே வல்லாத்த சூடு. ஃபேன் போட்டா அனல்தான் வீசறது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ராத்திரி பூரா அழறது. வெளிப்பக்கம் சூடு தடுக்கற பலகையை ஒட்டி, மேலே பூசி, பழைய வெள்ளையே அடிச்சுடறேன். அனுமதி மட்டும் தாங்கோ."

"இதே ஆத்துல எத்தனை குழந்தைகள் வளர்ந்திருக்கு! அப்ப யாருக்காவது வேர்க்குரு வந்துதா?" என்று மடக்கினார் ராமசேஷன்.

ஷிபுவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பவுடர் போட்டால் தீர்கிற விஷயத்துக்கு வீட்டையே மூட வேண்டுமா?

"பழைய வீட்டோட வெளித்தோற்றம் மாறக்கூடாது சேச்சி. அதாக்கும் சட்டம்" என்றான் கறாராக.

"ஒரு தடவை சுவரைப் பார்த்துட்டாவது சொல்லுங்கோ சார்."

மூவரும் பக்கத்து மனைக்குள் நுழைந்தார்கள். புதிதாகக் கல் பாவிய தரை. அதில் பளபளவென்று ஒரு கார்.

சுவரைத் தொட்ட ஷிபு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். தோசையே வார்க்கலாம் போலிருந்தது. பாவம் அந்தக் குழந்தை என்று அப்போதுதான் உறைத்தது.

அண்ணாந்து பார்த்தான். உத்திரங்கள் செருகியிருந்த பொந்துகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே, எண்ணெய்ப் பிசுக்கும் கரியுமாக ஒரு விளக்கு மாடம்.

"எந்தா சாரே, விளக்கு மாடத்தை ஆராவது வெளிச்சுவரிலே வைப்பாங்களா?"

ராமசேஷனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

அனந்தலக்ஷ்மி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இது வெளிச்சுவரே இல்லை சார், ரெண்டு ஆத்துக்கும் நடுவில இருந்த பொதுச்சுவர். இந்தப் பக்கம் இருந்த தன்னோட பழைய ஆத்தை இந்த ராமசேஷன் மாமாதான் போன வருஷம் கார் நிறுத்தறதுக்காக இடிச்சார். அதுக்கு மட்டும் சங்கத்துலேர்ந்து ஒரு ஆட்சேபமும் வரல்லை!"