பாசிக் கோடு

தில்லையடியில் தன் வீட்டு மீன்தொட்டியில் படியும் பாசியை நுஸ்ரா வெள்ளிதோறும் பிளேடால் சுரண்டுவாள். எவ்வளவு சுரண்டினாலும் தண்ணீருக்கு மேலே, காய்ந்த கண்ணாடியில், பச்சைக் கோடொன்று ஒரு விரற்கடை உயர்ந்து திரும்ப வரும். கோடு விளிம்பைத் தொட்ட வாரம் மீன்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தொட்டியை முற்றத்தில் கவிழ்த்தாள்.

அடுத்த வெள்ளி அந்தக் கோடு அறைச் சுவரில் இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அலுமாரி, கதிரைக் கால் எல்லாவற்றையும் ஒரே மட்டமாகச் சுற்றியிருந்தது. அதையும் சுரண்டத் தொடங்கினாள்.

ஜும்ஆத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழு எடுத்துவிட்டு வந்த கணவன் றிஸ்மின், சாரத்தைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினான். அதே கோடு.

"தேச்சும் போகுதில்ல, புள்ள."

"வெயில் பட்டாப் பாசி பிடிக்கும்தானே," என்றாள்.

கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை. பாயில் தூங்கிய மகளின் தலைமுடி மட்டும் மேலே எழுந்து, கோட்டு மட்டம் வரை, தண்ணீருக்குள் போல மெல்ல அலைந்துகொண்டிருந்தது.