எட்டாவது கயிறு

ஸ்காட்லாந்தின் அந்தச் சின்ன நகரத்துக்குப் படிக்க வந்து பதினொரு வாரமாகியும் சாருமதியிடம் யாரும் பேர் கேட்கவில்லை. அவள் 'கோத்' பாணிக்காரி; பாவாடை, பூட்ஸ், உதட்டுச்சாயம் எல்லாமே கறுப்பு. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். மதியச் சாப்பாடு கல்லறைத் தோட்டத்து பெஞ்சில். அன்று அங்கே ஓர் அடக்கம் நடந்தது. அந்த ஊரில் சவப்பெட்டியை வேண்டியவர்கள்தான் கயிறு பிடித்து இறக்குவார்கள். கயிறு எட்டு, வந்திருந்தவர்கள் ஏழு பேர். அடக்கம் நடத்துபவர் அவளுடைய கறுப்பைப் பார்த்துவிட்டு நேரே வந்தார். "உன் பேர் என்னம்மா?" சொன்னாள். "இறந்தவருக்கு நீ என்ன வேணும்?" அவள் எட்டாவது கயிற்றுக்குக் கையை நீட்டினாள். பெட்டி அடியைத் தொட்டதும் ஏழு பேரும் கயிற்றைக் குழிக்குள் விட்டார்கள். அவளுடையது மட்டும் அவள் பிடியில் இறுகியே இருந்தது. "அவசரமில்லை," என்றார் அவர், "மெதுவா விடும்மா."