துண்டுக்கடியில் ஒரு விலை

"வலிக்குதுங்களாண்ணா?"

"இல்லீங்க."

மல்லாந்து படுத்திருந்தார். பாதங்கள் கம்பியின்மேல். முதுகுக்கு அடியில் ஒரு பலகை. காலால் உந்தினால் ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு பின்னால் போகும், விட்டால் திரும்பி வரும். பிலாட்டீஸ் என்றார்கள். மாட்டுத் தரகன் வாயில் நுழைகிற பேரா இது என்று வந்த புதிதில் சிரித்தவர்தான்.

மிரண்ட காளை ஒன்று அவரை லாரியோடு வைத்து அழுத்தியது. முதுகெலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு பிதுங்கி, நரம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

சொல்லிக்கொடுக்கும் பெண் மைதிலி ஆரம்பத்திலேயே கறாராகப் பேசியிருந்தாள்.

"முதுகுல லேசா வலிச்சா பார்த்துச் செய்யலாங்ணா. முட்டிக்குக் கீழ எறங்குச்சுன்னா அப்பவே சொல்லிப்போடோணும். நரம்பு கெட்டுதுன்னா பாதம் தூக்க வராது."

இப்போது இறங்குகிறது. புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால், கால் கட்டைவிரல் நுனி வரை. வெந்நீர் ஓடுவது போல.

முகத்தில் ஒன்றும் இல்லை.

லாபத்துக்கு ஒரு முகம், நஷ்டத்துக்கு ஒரு முகம் வைத்திருப்பவன் சந்தையில் நின்று பிழைக்க முடியாது.

நொண்டிக் காளையை மணலில் நடத்திக் காட்டி விற்றவர் அவர். கல் தரையில்தானே நொண்டல் தெரியும்.

கொஞ்ச நாளாக அவரே மணலாகப் பார்த்து நடக்கிறார்.

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி ருக்குமணி. வரும்போது பஸ்ஸிலேயே பேசி முடித்துவிட்டாள்.

"இன்னைக்கும் வலிக்குதுன்னு உங்க வாயில வந்துச்சு, அப்பறம் சந்தைப் பக்கம் தலைவெச்சே படுக்கப்படாதுங்க. ஆமா."

சந்தை இல்லையென்றால் அவர் யார்? பால்காரன் மணியடித்தால் பாத்திரம் நீட்டுகிற ஆள்.

"இன்னொரு ஸ்பிரிங் போடலாங்களா?" என்று அவரே கேட்டார்.

மைதிலி குனிந்தாள். கை கொக்கியருகே நின்றுவிட்டது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. சாக்ஸுக்குள் கட்டைவிரல் மடங்கி மடங்கி நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெட்டிக்காரி. மூஞ்சியைப் பார்த்து எவன் மாடு வாங்குகிறான்?

பலகையை நகராமல் நிறுத்தி, பக்கத்தில் மண்டியிட்டாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பத்துக்கு எத்தனைங்ணா வலி?"

தலைக்கு அடியில் விரித்திருந்த துண்டை உருவினார். அவள் கையின்மேல் போட்டு, அடியில் தன் கையை விட்டார்.

சந்தையில் விலை பேசுவது இப்படித்தான். வாயில் ஊர்க்கதை ஓடும். விலை விரலில் ஓடும். பக்கத்தில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது.

கையை முழுதாக ஓர் அழுத்து. அது ஐந்து.

பிறகு மூன்று விரல்.

"வெயிலு இந்த வருசம் சாஸ்திங்க" என்றார் சத்தமாக.

மைதிலிக்குச் சந்தை தெரியாது. கூட்டல் தெரியும். அவர் கால்களை மெதுவாகக் கம்பியிலிருந்து இறக்கி, முட்டிகளுக்கு அடியில் தலையணை கொடுத்தாள்.

"இன்னைக்கு மூச்சு மட்டும் இழுத்து விடுங்ணா. போதும். டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

கெண்டைக்காலில் ஓடிய சூடு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

நாற்காலி தரையில் உரசும் சத்தம்.

ருக்குமணி தரகர் வீட்டில் குடித்தனம் செய்பவள். துண்டு எதற்கு விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்திலும் ஒன்றும் இல்லை. துண்டுக்கு அடியில் கையை விட்டாள்.

விற்கிறவனுக்கு ஒரு விலை, வாங்குகிறவனுக்கு ஒரு விலை. தரகு என்றால் அதுதான்.

அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

அவள் கையை முழுதாக ஓர் அழுத்து.

ஒரு விரல்.

இன்னொரு விரல்.

அங்கே நிறுத்திக்கொண்டார்.

அவளே தன் மூன்றாவது விரலை அவர் கைக்குள் வைத்தாள்.