துளைகளில் சந்தனம்

பின்சீட்டில் கணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினான். ஆம்புலன்ஸ் மலையேறி வர நேரமாகும் என்றார்கள். காரிலோ சார்ஜ் இல்லை. யாழரசி சார்ஜிங் நிலையத்தின் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாள். அவளுடைய பழைய காருக்கு எதுவும் சேரவில்லை.

“அந்தக் கோடியில இருக்கே, அதுதாம்மா உங்க காருக்குச் சேரும்,” என்றார் காவலாளி. “யாருமே எடுக்கிறதில்லையேன்னு ஆயுத பூஜைக்கு அதுக்குத்தான்...” அவர் குரல் இறங்கியது.

பிளக்கின் துளை ஒவ்வொன்றிலும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார். காய்ந்து கல்லாகியிருந்தது.

“குத்தி எடுக்க ஏதாவது குடுங்கண்ணே!”

அவர் சட்டைப்பையைத் துழாவிவிட்டு வெறுங்கையை விரித்தார். அவள் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குடைந்தாள். கடைசித் துளைக்கு வந்தபோது முனகல் நின்றது.

“அம்மா...” என்றார் காவலாளி, பின்சீட்டைப் பார்த்தபடி.

“பேசாதீங்க.”

துளைகளை ஊதிவிட்டுப் பிளக்கைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. அப்போதும் அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.